சும்மா வெளாட்டுக்கு, டீச்சர்

ஒருத்தி அழுதுகொண்டு நிற்பாள். சுற்றி நாலு பேர் நிற்பார்கள். "என்னட்டி நடந்துச்சு?" என்று கேட்டால் நாலு வாயும் ஒன்றாகச் சொல்லும்: "சும்மா வெளாட்டுக்கு, டீச்சர்." அழுகிற பிள்ளையும் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டும். ஆமா டீச்சர், வெளாட்டுத்தான்.

விளையாட்டுதான் என் தொழில். 1994-ல் உடற்கல்வி ஆசிரியையாகச் சேர்ந்து 2024-ல் ஓய்வு பெற்றேன். எல்லாம் பிரிக்காத திருநெல்வேலி மாவட்டத்தில்தான். ஒரு பெண்கள் பள்ளி, இரண்டு இருபாலர் பள்ளிகள், மூன்றும் அரசுப் பள்ளிகள். என் தொழிலின் பெயரைச் சொல்லிக்கொண்டே பிள்ளைகள் ஒருவரையொருவர் குத்திக் கிழிக்கிறார்கள் என்பது எனக்கு உறைக்கப் பல வருஷம் ஆயிற்று. அதற்குள் ஒரு பிள்ளையை இழந்துவிட்டேன். அவளிடமிருந்துதான் இதை எழுதத் தொடங்க வேண்டும்.

எந்தப் பள்ளியிலும் பி.டி. டீச்சருக்கு உத்தரவில் எழுதாத இன்னொரு வேலை உண்டு. பிரேயரில் வரிசை பிடிப்பது, தாமதமாக வருகிறவர்களை கேட்டில் நிறுத்துவது, ரிப்பன் கட்டாத ஜடை, சண்டை, சுவரேறிக் குதிப்பது எல்லாம் நம் தலையில். ஏதாவது வகுப்பில் சத்தம் கூடினால் "பி.டி. டீச்சரக் கூப்பிடு" என்பார்கள். நான் போய் வாசலில் நின்றால் போதும், வகுப்பு அடங்கிவிடும். அதை என் திறமை என்றே நம்பியிருந்தேன்.

1998. பெண்கள் பள்ளி, எட்டாம் வகுப்பு. அரையாண்டுப் பரீட்சைக்குச் சில நாள் இருந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒருத்தி இன்னொருத்தியை எவர்சில்வர் டிபன் பாக்ஸ் மூடியால் அடித்துவிட்டாள். புருவத்துக்கு மேலே கிழிந்து ரத்தம் சட்டையெல்லாம் இறங்கிவிட்டது. மூன்று தையல். ஆஸ்பத்திரிக்கு ஒரு டீச்சர் கூட்டிப் போனார். அடித்தவளை என்னிடம் விட்டார்கள்.

"ஏன் அடிச்ச?" என்று பள்ளி முழுக்கப் பார்க்க, சத்தம் போட்டுக் கேட்டேன். அவள் வாய் திறக்கவில்லை. உச்சி வெயிலில் மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடவிட்டேன். பிறகு கடைசி மணி அடிக்கும் வரை ஆபீஸ் வாசலில் நிறுத்தினேன். ஒரு சொட்டு அழவில்லை. அழாததால் நெஞ்சழுத்தக்காரி என்று முடிவு கட்டினேன். ஸ்டாஃப் ரூமிலும் அப்படியே சொன்னேன். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

மறுவாரம் அவள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. "பீடி சுத்த உக்காந்துட்டா போல" என்றார் வகுப்பாசிரியை. எங்கள் பக்கத்தில் அது சாதாரணமாகச் சொல்கிற வார்த்தை. தெருவுக்குப் பாதி வீட்டில் பெண்கள் பீடி சுற்றித்தான் அடுப்பெரிந்தது. எனக்கு மனது கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை தேடிப் போனேன்.

திண்ணையில் ஆறேழு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு சொளவு மடியில். அவளும் அதில் ஒருத்தி. இலையை நறுக்கி, தூளை வைத்து, உருட்டி, நூலைச் சுற்றி முடிகிற வேலை கண்ணை அதில் வைக்காமலேயே நடந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்து எழுந்திருக்கப் பார்த்தாள். "இரு" என்று சொல்லிவிட்டு நானும் திண்ணை ஓரத்தில் உட்கார்ந்தேன். கேட்பதற்கு ஒரு கேள்வி மனதில் வைத்துக்கொண்டுதான் போயிருந்தேன். அந்த இடத்தில் அது வாயில் வரவில்லை. யாரோ ஒரு ஆச்சி பக்கத்து ஊர்க் கல்யாணக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். சொளவுகளில் பீடி சேர்ந்துகொண்டிருந்தது. பத்து நிமிஷம் போயிருக்கும். கை வேலையை நிறுத்தாமல், சொளவைப் பார்த்துக்கொண்டே அவளே பேச ஆரம்பித்தாள்.

ஆகஸ்ட் மாதத்திலிருந்து வகுப்பே அவளிடம் காய் விட்டிருக்கிறது. கணக்குப் பரீட்சையில் யாரோ பார்த்து எழுதியதை டீச்சரிடம் சொல்லிவிட்டாள் என்பதுதான் காரணம். ஒருத்தி "இவகூடப் பேசுனா எங்கூடப் பேசாத" என்று ஆரம்பித்தாள். மூன்றே நாளில் நாற்பது பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். வீட்டுப்பாடம் என்ன என்று கேட்டால் முகத்தைத் திருப்புவார்கள். பெஞ்சில் உட்கார்ந்தால் ஒரு சாண் நகர்வார்கள். யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை, ஒரு பட்டப்பெயர்கூட வைக்கவில்லை. நான்கு மாதம் அந்த வகுப்பு எனக்கு ஒரு தொந்தரவும் கொடுத்ததில்லை. அமைதியான வகுப்பு என்று அதைத்தான் மற்ற வகுப்புகளுக்கு உதாரணம் காட்டியிருக்கிறேன்.

"அன்னைக்கு அவ என்னப் பாத்துச் சிரிச்சா டீச்சர். சரி, பழம் விட்டுட்டாளுவன்னு நெனச்சு நானும் சிரிச்சேன். அவ எனக்குப் பின்னால நின்னவளப் பாத்துச் சிரிச்சிருக்கா. நான் சிரிச்சதப் பாத்து எல்லாருமாச் சிரிச்சாளுவ."

அதற்குப் பிறகுதான் டிபன் பாக்ஸ் மூடி.

"ஸ்கூலுக்கு வாட்டி, நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். அவள் முகத்தில் கோபம் எதுவும் இல்லை. "இங்கன எல்லாரும் எங்கூடப் பேசுதாங்க டீச்சர்" என்றாள். அவ்வளவுதான். அவள் வரவேயில்லை. அட்டென்டன்சில் அவள் பெயர்மேல் சிவப்பு மையில் கோடு இழுத்தார்கள். டி.சி. கேட்டுக்கூட அந்த வீட்டிலிருந்து யாரும் வரவில்லை.

பிள்ளைகளை உடம்பால் தண்டிக்கக் கூடாது என்று தமிழ்நாட்டில் 2003-லேயே கல்வி விதியைத் திருத்தினார்கள். பிறகு வந்த கல்வி உரிமைச் சட்டம், அடிப்பதோடு மனதை நோகடிப்பதையும் சேர்த்துத் தடுத்தது. "கம்பத் தொடக் கூடாதுன்னா பிள்ளைங்கள எப்படிச் சமாளிக்க?" என்று ஸ்டாஃப் ரூமில் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அந்தப் பத்துச் சுற்றுதான் கண் முன்னால் வரும். நான்கு மாதம் ஒரு வகுப்பே சேர்ந்து தண்டித்தவளை, கடைசியாக நானும் தண்டித்தேன்.

அந்தத் திண்ணை எனக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்தது. கை ஒரு வேலையில் இருந்தால்தான் பிள்ளை வாய் திறக்கும். நேருக்கு நேர் நிறுத்தி, கண்ணைப் பார்த்துக் கேட்டால் "ஒண்ணுமில்ல டீச்சர்" என்றுதான் வரும். அதற்குப் பிறகு நான் எந்தப் பிள்ளையையும் கூப்பிட்டு விசாரித்ததில்லை. வேலை கொடுப்பேன். சுண்ணாம்புத் தூள் எடுத்து வந்து கோடு போடு. ஜெர்சியை எண்ணி மடி. பந்துக்குக் காற்றடி. காற்றடிப்பதுபோல ஒரு நல்ல வேலை கிடையாது. ஒருத்தி பந்தைப் பிடிக்க வேண்டும், ஊசி நழுவாமல் பார்க்க வேண்டும், இன்னொருத்தி பம்பை அழுத்த வேண்டும். இரண்டு பேரும் குனிந்திருப்போம். முகம் பார்க்க வேண்டிய அவசியமில்லை. ஒரு வாலிபால் நிரம்புவதற்குள் எத்தனையோ வீட்டுக் கதையும் வகுப்புக் கதையும் கேட்டிருக்கிறேன். விளையாட்டு அறையில் பந்துகளை வேண்டுமென்றே முழுக்க அடிக்காமல் வைத்திருந்த நாட்கள் உண்டு.

இனி, விளையாட்டு என்ற சொல்லுக்கு வருகிறேன். பிள்ளைகள் அதைச் சொல்லும்போது பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. பலருக்கு உண்மையிலேயே அது விளையாட்டாகத்தான் தெரிகிறது. ஆனால் விளையாட்டு எது என்று எனக்குத் தெரியும். கோ-கோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு அணி துரத்தும், ஒரு அணி ஓடும். பெரியவர்களுக்கு 9 நிமிடம், சப்-ஜூனியர் பிள்ளைகளுக்கு 7 நிமிடம். விசில் அடித்ததும் ஓடினவர்கள் துரத்துவார்கள், துரத்தினவர்கள் ஓடுவார்கள். வருஷம் முழுக்க ஒருத்தியே ஓடிக்கொண்டிருந்தால் அதற்குப் பெயர் கோ-கோ கிடையாது. ஆகவே "சும்மா வெளாட்டுக்கு" என்று யாராவது சொன்னால் நான் ஒரே ஒரு கேள்வி கேட்பேன். "சரிட்டி, நேத்து யார் முறை? இன்னைக்கு யார் முறை? நாளைக்கு உன் முறையா?" அதற்கு நாலு வாயும் ஒன்றாகப் பதில் சொன்னதை நான் பார்த்ததில்லை.

பின்னாளில் ஒரு பயிற்சியில் நார்வேயில் ஆய்வு செய்த டான் ஓல்வியஸைப் பற்றிச் சொன்னார்கள். 1982 கடைசியில் அந்த நாட்டில் மூன்று சிறுவர்கள் சக மாணவர்களின் கொடுமை தாங்காமல் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அடுத்த வருஷமே அரசு நாடு முழுக்கப் பள்ளிகளில் இயக்கம் தொடங்கியது. அந்த வேலையில் முன்னால் நின்றவர் அவர். வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்த்து நிற்க முடியாதவரிடம் செய்வது என்று மூன்று அடையாளம் சொல்லியிருக்கிறார். கோ-கோ கட்டத்தைப் பார்த்து நான் புரிந்துகொண்டதும் ஏறக்குறைய அதுதான். எங்கோ பனி பெய்கிற ஊரிலும் பிள்ளைகளுக்கு இதேதான் நடந்திருக்கிறது என்று கேட்டபோது ஆறுதல் வரவில்லை. அழுகைதான் வந்தது.

கோ-கோவில்தான் இன்னொன்றையும் பார்த்தேன்.

அது இரண்டாவது பள்ளி. குறுவட்டப் போட்டிக்கு அணி தயாராகிக்கொண்டிருந்தது. எட்டுப் பேர் வரிசையாக, ஒருவர் விட்டு ஒருவர் எதிரெதிர்ப் பக்கம் பார்த்துக் கட்டத்தில் உட்கார்ந்திருப்பார்கள். துரத்துகிறவள் பின்னாலிருந்து முதுகில் கையை வைத்து "கோ" என்று சொல்ல வேண்டும். கையும் பட வேண்டும், சத்தமும் வர வேண்டும். ஒன்று இல்லாவிட்டாலும் ஃபவுல். எங்கள் அணியின் சிறந்த ஓட்டக்காரி "கோ" என்று கத்தினாள், கை படவில்லை. விசில் ஊதினேன். இன்னொரு சுற்றில் மறுபடியும். அவசரத்தில் நடக்கிற தப்புதான் என்று நினைத்தேன். மூன்றாவது தடவை ஊதும்போதுதான் கவனித்தேன். மற்ற ஏழு முதுகிலும் உள்ளங்கை பளீர் என்று விழுகிறது. மூன்றாவது கட்டத்தில் இருக்கிற முதுகுக்கு மட்டும் நாலு விரல் தள்ளி நிற்கிறது.

"கை நீளல டீச்சர்" என்றாள். கட்டத்தை மாற்றி உட்காரவைத்தேன். ஆறாவது கட்டத்துக்குப் போனதும் அந்த நாலு விரல் இடைவெளியும் கூடவே போனது. மைதானத்தில் எல்லாருக்கும் காரணம் தெரியும். எந்தத் தெருப் பிள்ளை எந்தத் தெருப் பிள்ளையைத் தொடவில்லை என்று அந்த ஊரில் பிறந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. உட்கார்ந்திருந்தவள் திரும்பிப் பார்க்கவில்லை. மண்ணில் விரலால் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். அந்த முதுகு எப்படி விறைத்துப்போய் இருந்தது என்பது இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

நான் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. "கை படாமக் குடுக்கிற கோ செல்லாது. கை நீளுற வரைக்கும் நீ வெளியே இரு" என்று ஓட்டக்காரியிடம் சொன்னேன். மறுநாள் அவள் வீட்டிலிருந்து ஆள் வந்தார்கள். "பிள்ளைகளுக்குள்ள வெளாட்டு, நீங்க எதுக்கு டீச்சர் பெருசு பண்ணுதீங்க?" என்றார்கள். "ஊர் வெவகாரம், நமக்கு எதுக்கு" என்று ஸ்டாஃப் ரூமிலும் இரண்டு பேர் சொன்னார்கள். விதிப் புத்தகத்தை எடுத்து, வந்தவர்கள் முன்னால் வைத்தேன். வேறு எதுவும் பேசவில்லை. இரண்டு வாரம் அவள் பயிற்சிக்கு வரவில்லை. பிறகு ஒரு நாள் காலையில் வந்து வரிசையில் நின்றாள். அன்று ஆறாவது கட்டத்தில் விரல் நுனி பட்டது. நுனிதான். விதிப்படி அது போதும். நான் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டேன்.

இதை வெற்றி என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, தொடப்படாதவள் என்னிடம் வந்தாள். ஜெர்சி மடித்துக்கொண்டே சொன்னாள்: "எனக்காக ஒண்ணும் பண்ணாதீங்க டீச்சர். சாயந்திரம் பஸ்ஸுல அவங்ககூட நாந்தான் போகணும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என் அதிகாரம் கேட் வரைக்கும்தான். நான்கரை மணிக்கு மேல் அவள் தனி. அன்றிலிருந்து ஒரு மாதம் அந்த டவுன் பஸ்ஸிலேயே போனேன். என் வீடு எதிர்த்திசையில் இருந்தது. நடத்துநரிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல், அந்தப் பிள்ளைக்குத் தன் பக்கத்து சீட்டைத் தினமும் காலியாக வைத்தார். நான் போகாத நாளிலும் வைத்தார் என்று பிறகு தெரிந்தது. பள்ளிப் பாதுகாப்பு என்று எத்தனையோ கூட்டங்களில் பேசக் கேட்டிருக்கிறேன். அந்த சீட்டுக்கு ஈடாக எதையும் நான் கேட்டதில்லை.

2023 ஆகஸ்ட் 9-ஆம் தேதி இரவு நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவரை அவருடைய பள்ளியிலேயே படித்த மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. தன்னைத் துன்புறுத்துகிறார்கள் என்று அவர் பள்ளியில் சொன்னதற்குப் பிறகு அது நடந்தது. செய்தியைப் படித்தபோது அந்தப் பஸ்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. பிள்ளை வாய் திறந்து சொல்லிவிட்டால் நம் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். சொன்ன நிமிஷத்திலிருந்துதான் அந்தப் பிள்ளைக்கு ஆபத்து கூடுகிறது. சொன்ன பிள்ளை அன்று சாயந்திரம் எப்படி வீட்டுக்குப் போகும், யாருடன் போகும், ராத்திரி யார் வீட்டில் இருப்பார்கள் என்று கேட்காமல் புகாரை வாங்கவே கூடாது என்பது என் கட்சி. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அரசு ஓய்வு பெற்ற நீதியரசர் கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கையில் கட்டுகிற வண்ணக் கயிறு கூடாது, வகுப்பில் அகர வரிசைப்படி உட்காரவைக்க வேண்டும், வருகைப் பதிவேட்டில் சாதி தெரியக் கூடாது என்றெல்லாம் அதில் சொல்லியிருக்கிறார். கயிற்றைப் பற்றி 2019-லேயே கல்வித்துறை ஒரு சுற்றறிக்கை விட்டு, அதற்கு எதிர்ப்பு கிளம்பியதும் எங்களுக்கு ஞாபகம் இருக்கிறது. கயிற்றை அறுக்கச் சொல்லி நானும் பிரேயரில் நின்றிருக்கிறேன். மறுநாள் வேறு நிறத்தில் ரப்பர் பேண்ட் வரும், அதற்கடுத்து பேனா மூடி வரும். அகர வரிசையில் உட்காரவைப்பது அதைவிட ஆழமாக வேலை செய்யும் என்று நம்புகிறேன். ஏனென்றால் அதைப் போன்ற ஒன்றை நான் செய்து பார்த்திருக்கிறேன், வேறு ஒரு காரணத்துக்காக.

அந்தக் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். அணி பிரிக்க நாங்கள் எல்லாரும் செய்கிற ஒரு வழி உண்டு. இரண்டு கேப்டனை நிறுத்தி, "நீ ஒரு ஆளு, நீ ஒரு ஆளு" என்று மாறி மாறி எடுக்கச் சொல்வோம். வேகமாக முடியும். கடைசியில் இரண்டு பிள்ளைகள் மிஞ்சும். "அவள நீயே வச்சுக்கோ" என்று இரண்டு கேப்டனும் சண்டை போடுவார்கள். ஒவ்வொரு கேம்ஸ் பீரியடிலும் அதே இரண்டு பிள்ளைகள். வாரத்துக்கு இரண்டு பீரியட் என்றால் வருஷத்துக்கு எத்தனை தடவை என்று எண்ணிப் பாருங்கள். அதை அவர்களுக்குச் செய்தது சக பிள்ளைகள் என்று சொல்ல மாட்டேன். அந்த முறையை வைத்திருந்த நான்தான் செய்தேன். விட்டுவிட்டேன். வரிசையில் நிறுத்தி எண்ணச் சொன்னேன்.

அதிலும் ஒரு முள் இருந்தது. இருபாலர் பள்ளியில் ஏழாம் வகுப்புப் பையன்கள் எண்ணிக்கொண்டு வந்தார்கள். ஆறு, ஏழு, எட்டு. பிறகு சத்தம் நின்றுவிட்டது. ஒன்பதாவதாக நின்றவன் கொஞ்சம் மென்மையான பையன். நடையும் பேச்சும் அப்படி. அவன் வாயிலிருந்து அந்த எண் வருவதற்காக மொத்த வரிசையும் சிரிப்பை அடக்கிக்கொண்டு காத்திருந்தது. நம் ஊரில் அந்த எண்ணை என்ன அர்த்தத்தில் சொல்வார்கள் என்று நான் எழுத வேண்டியதில்லை. அவன் தொண்டை ஏறி இறங்கியது. அவனை அந்த இடத்தில் நிறுத்துவதற்காக எட்டுப் பேர் முன்கூட்டியே இடம் மாறியிருக்கிறார்கள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"எண்ணினது போதும். திரும்ப முதல்லருந்து, நாலு நாலா" என்றேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, மறுபடியும் ஒன்று. அந்தப் பையன் வாயிலிருந்து "ஒண்ணு" என்று வந்தது. கடைசி நாள் வரைக்கும் நான்கைத் தாண்டி நான் யாரையும் எண்ணவிட்டதில்லை. காரணம் கேட்ட டீச்சர்களுக்கு "குரூப் பிரிக்க லேசு" என்று மட்டும் சொன்னேன்.

அவன் பெயரைச் சொல்லி, இவனை யாரும் அப்படிக் கூப்பிடக் கூடாது என்று பிரேயரில் எச்சரித்திருக்கலாமே என்று தோன்றும். அந்தத் தப்பையும் ஒரு பள்ளியில் பக்கத்திலிருந்து பார்த்தேன். பனைமரம் என்று ஒரு உயரமான பிள்ளைக்குப் பெயர் வைத்திருந்தார்கள். தலைமையாசிரியர் நல்ல மனதோடு மைக்கில் சொன்னார். அதுவரை ஒரு வகுப்புக்கு மட்டும் தெரிந்த பெயர் அன்றைக்கு எழுநூறு பேருக்குத் தெரிந்துவிட்டது. அதேபோல, இரண்டு பேரையும் கூப்பிட்டு "ஸாரி சொல்லு, கை குடு" என்பதையும் நான் நிறுத்திவிட்டேன். சண்டைக்கு அது சரி. சண்டையில் இரண்டு பக்கமும் பலம் இருக்கும். ஒருத்தியை எல்லாருமாக ஒதுக்குகிற இடத்தில், எல்லார் முன்னாலும் அவளைக் கை குலுக்கச் சொல்வது இன்னொரு அவமானம். தனித்தனியாகத்தான் பேச வேண்டும். ஆரம்பித்து வைத்தவளிடம் கடைசியாகப் பேச வேண்டும். கூடவே தலையாட்டிக்கொண்டு, மனசுக்குள் பிடிக்காமல் நிற்கிற ஒருத்தி எப்போதும் இருப்பாள். அவளைத்தான் முதலில் தேட வேண்டும். ஃபின்லாந்தில் 'கிவா' என்று ஒரு திட்டம் வைத்திருக்கிறார்களாம், வேடிக்கை பார்க்கிற பிள்ளைகளை மாற்றுவதுதான் அதில் முக்கியம் என்று பயிற்சியில் கேட்டேன். எனக்கு அது புதிதாக இல்லை.

2021-க்குப் பிறகு பள்ளிகளில் 'மாணவர் மனசு' பெட்டி வைத்தார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் எங்கள் பள்ளியில் முதலில் தலைமையாசிரியர் அறை வாசலில் மாட்டினார்கள். ஒரு மாதம் காலியாகவே இருந்தது. அந்த வாசலில் நின்று பெட்டியில் காகிதம் போடுகிற பிள்ளையை ஸ்கூல் முழுக்கப் பார்க்கும். கேட்டு வாங்கி விளையாட்டு அறைக் கதவுக்குப் பக்கத்தில் மாட்டினோம். பந்து எடுக்கவும் வைக்கவும் எல்லாப் பிள்ளைகளும் வந்து போகிற இடம், யார் எதற்கு வந்தார்கள் என்று சொல்ல முடியாது. காகிதம் வர ஆரம்பித்தது. பாதிக்கு மேல் கக்கூஸைப் பற்றி. தாழ்ப்பாள் இல்லை, தண்ணீர் இல்லை, பெரிய வகுப்புப் பிள்ளைகள் வெளியே நின்று கதவைத் தட்டிச் சிரிக்கிறார்கள். அதனால் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பலர் எழுதியிருந்தார்கள். அன்றிலிருந்து சாயந்திரம் வாட்டர் பாட்டில்களைப் பார்ப்பதை வழக்கமாக்கினேன். கொண்டுவந்த தண்ணீர் அப்படியே வீட்டுக்குத் திரும்பிப் போகிறது என்றால் அந்தப் பிள்ளைக்கு இந்தப் பள்ளியில் ஏதோ ஓரிடம் பயமாக இருக்கிறது என்று அர்த்தம். தாழ்ப்பாள் ஒன்றுக்கு என்ன விலை ஆகிவிடும்? நாங்களே வாங்கிப் போட்டோம்.

ஒரு காகிதத்தில் வேறு விஷயம் இருந்தது. அது வீட்டுக்குள் நடந்தது. குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அன்றே பேசினோம். அந்தப் பிள்ளையைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு உரிமை கிடையாது.

கொரோனாவுக்குப் பிறகு காய் விடுவது போனுக்குள் போய்விட்டது. "குரூப்ல இருந்து தூக்கிட்டாங்க டீச்சர்" என்பார்கள். அம்மாவின் போனில் இருக்கிற குரூப்பிலிருந்து தூக்கினால் அம்மாவுக்கும் தெரியும். பிள்ளையின் போட்டோவை ஸ்டிக்கராக்கி ராத்திரி பதினோரு மணிக்கு அனுப்புவார்கள். முன்பெல்லாம் வீட்டுக்கு வந்தால் அந்தத் தொல்லை நிற்கும். இப்போது தலையணைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதற்கு என்னிடம் பெரிய வழி எதுவும் இல்லை. மறுநாள் காலையில் முகத்தைப் பார்ப்பேன், அவ்வளவுதான்.

முகம் பார்க்க எனக்கு இருந்த நேரம் கேம்ஸ் பீரியட். பத்தாம் வகுப்புக்கு வந்தால் அதையும் "கொஞ்சம் போர்ஷன் முடிக்கணும்" என்று மற்ற பாட டீச்சர்கள் கேட்பார்கள். சின்ன வயதில் கொடுத்துக்கொண்டிருந்தேன். பிறகு யார் கேட்டாலும் கொடுத்ததில்லை. மைதானத்தில் வாதமரத்தடியில் ஒரு சிமென்ட் பெஞ்ச் இருந்தது. "வயிறு வலிக்கி டீச்சர்" என்று சொல்கிறவர்கள் அதில் உட்காருவார்கள். ஆரம்பத்தில் சோம்பேறிகள் என்று நினைத்தேன். பிறகு ஒரு நாற்பது பக்க நோட்டில் யார் எந்தத் தேதியில் உட்கார்ந்தார்கள் என்று குறித்துவைக்க ஆரம்பித்தேன். மாதத்துக்கு மூன்று நாள் என்றால் சரி. தொடர்ந்து நாலு பீரியட் ஒரே பெயர் வந்தால், வலி வயிற்றில் இல்லை. அந்த நோட்டுகள் இருபதுக்கு மேல் சேர்ந்தன. ஓய்வு பெறும்போது அடுத்து வந்த டீச்சரிடம் கடைசி நோட்டைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

கடைசி வருஷம், ஜனவரி மாதம். ஒன்பதாம் வகுப்பு எறிபந்து விளையாடிக்கொண்டிருந்தது. பெஞ்சில் ஒருத்தி. நோட்டில் அவளுக்கு அது ஐந்தாவது பீரியட். ஆட்டத்திலிருந்த ஒரு பிள்ளை, பந்து எடுக்கப் போகிற சாக்கில் என் பக்கமாக ஓடி வந்தாள். நிற்காமல், என்னைப் பார்க்காமல், "அவளுக்கு வயிறு வலி இல்ல டீச்சர்" என்று சொல்லிக்கொண்டே பந்தை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள்.

நான் விளையாட்டு அறைக்குப் போய்ப் பம்பையும் ஊசியையும் காற்றுப் போன இரண்டு பந்தையும் எடுத்து வந்தேன். பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தேன். அவள் நகரவில்லை. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஊசியை எச்சில் தொட்டு ஈரமாக்கி, பந்தின் வாயில் செருகினேன்.

"நழுவுது, இத கொஞ்சம் பிடிட்டி" என்றேன்.

அவள் இரண்டு கையாலும் பந்தைப் பிடித்துக்கொண்டாள்.